ருவோலோ கடையின் தொப்புளில்லாத பெண்

என் பால்கனியில் நின்று குனிந்து பார்த்தால் ஒரு பெண்ணின் வெட்டுப்பட்ட கழுத்து தெரியும். மெத்தைக்கடை ருவோலோ மே மாத நடுவில் எங்கள் கட்டடத்துச் சுவரில் மாட்டிவிட்டுப் போன விளம்பரம் அது. கீழ் இரண்டு மாடியும் வருஷக்கணக்காகக் காலி. அந்த இரண்டு மாடியையும் மறைத்துக்கொண்டு, கழுத்தில் தொடங்கி முழங்காலில் முடிகிற ஓர் உடம்பு. பேருக்கு இரண்டு துண்டுத் துணி. ஒரு கை இடுப்பில். மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மெத்தை. அதன் மேலே ஆள் உயர எழுத்தில், "ஒருமுறை படுத்துப் பாருங்கள்." மெத்தையைத்தான் சொல்கிறாராம் மனிதர்.

நான் சதுக்கத்தில் பத்திரிகைக் கடை வைத்திருப்பவள். உடம்பைக் காட்டி எதையெல்லாம் விற்பார்கள் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கார் டயருக்கு ஒரு முதுகு, காப்பித்தூளுக்கு ஒரு வாய், செரிமான மாத்திரைக்குக்கூட ஒரு தொடை. தினமும் காலையில் பத்திரிகைக் கட்டைப் பிரித்து இந்தத் துண்டுகளைத்தான் அடுக்குகிறேன். முழுசாக ஒரு பெண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் மரண அறிவிப்புப் பக்கத்துக்குப் போக வேண்டும். ஆனால் அந்த விளம்பரப் பெண்களெல்லாம் எங்கேயோ மிலானில் இருப்பவர்கள், பெயர் தெரியாதவர்கள். இந்த உடம்பின் பெயர் எனக்குத் தெரியும். இடுப்பில் வைத்த கையின் சுண்டுவிரல் வெளிப்பக்கம் வளைந்திருந்தது. எங்கள் ஊரில் அந்த விரல் ஒருத்திக்குத்தான் உண்டு. அவள் வெனெரா.

வெனெரா மருத்துவச் சாமான் கடையில் இடுப்புப் பட்டை தைக்கிறவள். நான் இன்றைக்கு நிமிர்ந்து நிற்கிறேன் என்றால் அவள் அளவெடுத்துத் தைத்த பட்டையால்தான். மூன்று வருஷத்துக்கு முன்பு பட்டைக் கம்பெனிக்காரர்கள் ஒரு துண்டுப்பிரசுரம் போட்டார்கள். கறுப்பு உடுப்பும் அதன்மேல் பட்டையும் போட்டுக்கொண்டு வெனெராவே நின்றாள். "ஜனங்க பட்டையைப் பாக்கட்டும்" என்று சொல்லிப் படமெடுத்தவன் தலையை வெட்டிவிட்டான். அந்தக் காகிதம் கடை மேசையிலேயே கிடந்தது, ஊரிலுள்ள இடுப்புவலிக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள், ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அதே படத்தைத்தான் அவன் ருவோலோவுக்கு விற்றிருக்கிறான். கம்ப்யூட்டரில் பட்டையை அழித்து, உடுப்பை அழித்து, அங்கெல்லாம் தோலை வரைந்து தள்ளியிருக்கிறார்கள்.

ஒரே நாளில் ஊருக்குத் தெரிந்துபோயிற்று. பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். வாத்தியக் குழுவிலிருந்த பையன்கள் வாயைத் திறந்துகொண்டே சிரித்தார்கள். அந்தக் குழுவில்தான் வெனெராவின் மகள் ஜெல்சொமினா கிளாரினெட் வாசிக்கிறாள். பதின்மூன்று வயது. ஜூலை மாதம் புனித கிறிஸ்தீனாவின் பவனியில் முதல்முறையாக நடந்து வாசிக்கப் போகிறவள். சீருடை தைத்தாகிவிட்டது. பவனி எங்கள் தெரு வழியாகத்தான் வரும், அந்தச் சுவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"அந்த எடம் வந்ததும் உங்கம்மாவுக்கு ஒரு வணக்கம் வை" என்று ஒருவன் சொல்லியிருக்கிறான். அவள் கிளாரினெட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். பவனிக்குப் பத்து நாள் இருக்கையில் நான் முட்டைக்கோஸ் கொடுக்கப் போனபோது வீட்டில் அதுதான் சண்டை.

"நான் அந்தத் தெருவுல நடக்க மாட்டேன்மா. சாமியே வந்து கூப்பிட்டாலும் மாட்டேன்."

வெனெரா அவளைத் திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. "மருந்துக்கடை முனை வரைக்கும் வா. அங்கேர்ந்து பாரு. படம் கண்ணுல பட்டா அப்படியே திரும்பி வீட்டுக்குப் போயிடு. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

"பட்டாத்தானே? அம்மாம் பெரிசு, எங்க போயிடும்?"

"அது என் பாடு" என்றாள் வெனெரா.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு ருவோலோ கடைக்குப் போனாள். போலீஸிடமும் நகராட்சியிலும் ஏற்கெனவே கேட்டாயிற்று. முகம் இல்லாத படத்துக்குப் புகார் எடுக்க முடியாதாம், சுவருக்குச் செப்டம்பர் வரை அனுமதி இருக்கிறதாம். ருவோலோ எங்களைப் புது மெத்தையொன்றில் உட்காரச் சொன்னார். நாங்கள் நின்றோம்.

"அது நான்தான், எடுத்துடுங்க" என்றாள் வெனெரா.

"நீன்னு யாருமா சொன்னா? மூஞ்சி இருக்கா அதுல?"

"விரல் இருக்கு."

"விரல் வளைஞ்சவ ஊருக்கு நூறு பேர் இருப்பா. அதுவும் போக, இதுல வருத்தப்பட என்ன இருக்கு? ஊரே ரசிக்குது. இந்த வயசுல யாருக்குக் கிடைக்கும்?"

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த பையை அவர் தலையில் போட்டிருப்பேன். வெனெரா என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் நேராகச் சுவருக்கு எதிரேயிருந்த காப்பிக் கடைக்குள் நுழைந்தாள்.

அந்தக் கடையில் வாசலில் போட்டிருந்த நாற்காலிகளெல்லாம் முன்பு சதுக்கத்தைப் பார்த்திருக்கும். மே மாதத்திலிருந்து சுவரைப் பார்க்கத் திரும்பிவிட்டன. சப்பரம் தூக்குகிற ஆட்கள் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவர்கள் தலைவர் நேலே, பன்னைப் பனிக்கூழில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். வெனெராவைக் கண்டதும் எல்லோருக்கும் திடீரென்று காப்பிக் கோப்பைக்குள் ஏதோ தேட வேண்டியிருந்தது.

"நேலே அண்ணே, ரெண்டு மாசமா இதைத்தானே பாக்குறீங்க? ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. இதுல என்ன இல்ல?"

"அட, என்ன தாயி நீ..."

"சும்மா சொல்லுங்கண்ணே. என்ன இல்ல?"

பின்னாலிருந்து ஒருவன், "தலை இல்ல" என்றான். கொஞ்சம் சிரிப்பு.

"தலை உங்களுக்குத் தேவைப்படலை, தெரியும். வேற?"

நேலே கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். மீன்காரன் எழுந்து தெருவுக்கே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தான். துணி என்றான் ஒருவன். செருப்பு என்றான் இன்னொருவன். உண்மையைச் சொன்னால் நானும் தினமும் அதன் கீழேதான் நடக்கிறேன், எனக்கும் தெரியவில்லை.

"தொப்புள் இல்ல" என்றாள் வெனெரா. "பட்டை அங்கதான் இருந்துச்சு. அழிச்சவன் வழவழன்னு வரைஞ்சுட்டு, தொப்புள் வைக்க மறந்துட்டான். ஒரு அம்மா வயித்துல பொறந்தவங்களுக்கு அது இருக்கும். ரெண்டு மாசமா ரசிச்சீங்களே, இவளை யாரும் பெக்கலைன்னு ஒருத்தருக்குக்கூடவா தெரியல?"

நேலேயின் கையிலிருந்த பன்னிலிருந்து பனிக்கூழ் சட்டையில் சொட்டியது. வெனெரா ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டு, நின்றபடியே குடித்து, காசு வைத்துவிட்டு வந்தாள். அவளைப் போல என்னால் ஒருநாளும் முடியாது. நான் கத்தியிருப்பேன், மூன்றாவது வார்த்தையிலேயே அழுதிருப்பேன், அதோடு எல்லாம் போயிருக்கும்.

சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு பெண்களிடம் வந்துவிட்டது. இறைச்சிக் கடையிலும் கோயில் படியிலும் அதுதான். பெண்கள் அதுவரை படத்தைப் பார்க்காத மாதிரி தலை குனிந்து போய்க்கொண்டிருந்தவர்கள். இப்போது கூட்டமாக வந்து கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். "அடப்பாவி, ஆமாண்டி!" என்றார்கள். வெனெரா எல்லோரிடமும் ஒரே ஒரு உதவி கேட்டாள். சின்ன உதவி இல்லை.

பவனி நாளில் எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டுப் பால்கனியிலும் கல்யாண விரிப்பைத் தொங்கவிடுவோம். சீதனமாக வந்த பட்டு விரிப்பு, நடுவில் இரண்டு பேருடைய முதலெழுத்தும் பின்னியிருக்கும். வருஷத்தில் ஒருநாள்தான் அது வெளியே வரும். யார் வீட்டு விரிப்பு உசத்தி என்று ஒரு வாரம் பேச்சு நடக்கும். விரிப்பு தொங்காத பால்கனி என்றால் அந்த வீட்டில் சாவு, அல்லது ஓடிப்போன பெண்டாட்டி. தொங்கவிட்டதை, புனிதையின் சுரூபம் கோயிலுக்குத் திரும்புகிறவரை ஒருவரும் தொடக் கூடாது. வெனெரா கேட்டது அந்த விரிப்புகளை. என் பால்கனியிலிருந்து, அந்தச் சுவரில், ஒன்றோடொன்று தைத்துத் தொங்கவிட.

"அப்ப எங்க வீட்டுல?" என்று கேட்டாள் ரொட்டிக் கடைக்காரி.

"மொட்டையாத்தான் கெடக்கும்க்கா. கேக்கவே கூசுது எனக்கு. ஆனா எம் பொண்ணு நடக்கணும்."

ரொட்டிக் கடைக்காரி திரும்பிப் போய்விட்டாள். அரைமணி கழித்து என் படியில் மூச்சுவாங்க ஏறி வந்து, மஞ்சள் பட்டு விரிப்பை என் மேசையில் வைத்தாள். "எங்க மாமியா கண்ணுல படாம கொண்டாந்தேன்" என்றாள். அதன் பிறகு படியில் ஆள் ஓயவில்லை. ஆண்கள் உண்ட மயக்கத்தில் தூங்குகிற மத்தியான வேளைகளில், என் வீட்டுக் கூடத்தில் தரை தெரியாமல் பட்டு கிடந்தது. இடுப்புப் பட்டை தைக்கிற தடித்த நூலால் வெனெரா தைத்தாள். ஒரு விரிப்பில்கூடத் துளை தெரியக் கூடாது என்று ஓரத்தில் மட்டும் ஊசி போட்டாள். கடைசியாக ஒருத்தி கறுப்புக் கண்ணாடியோடு வந்து, ஒரு பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். பிரித்துப் பார்த்து நானும் வெனெராவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதைக் கீழ் வரிசையின் நட்டநடுவில் வைத்துத் தைத்தாள்.

பவனியன்று காலை தெரு முழுக்க மொட்டைப் பால்கனிகள். என் பால்கனிக்குக் கீழே மட்டும் மஞ்சளும் சிவப்பும் தந்தநிறமுமாகச் சுவர் முழுவதும் பட்டு. கழுத்தும் தெரியவில்லை, முழங்காலும் தெரியவில்லை. இருபது வருஷமாக வண்ணப் படம் விற்கிறேன், இவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை.

ருவோலோ கத்திக்கொண்டே ஓடி வந்தார். "எவடி இதைச் செஞ்சது? செப்டம்பர் வரைக்கும் எனக்கு அனுமதி இருக்கு!" கீழ் ஓரத்தைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. அவர் மூக்குக்கு நேரே, சிவப்புப் பட்டில், அவருடைய முதலெழுத்தும் அவர் பெண்டாட்டியின் முதலெழுத்தும் கொடிபோலப் பின்னிக் கிடந்தன.

"இழுங்களேன் ருவோலோ" என்றேன் மேலேயிருந்து. "உங்க வீட்டம்மா பக்கத்துலேர்ந்து இழுக்கறீங்களா, உங்க பக்கத்துலேர்ந்தா?"

காப்பிக் கடையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு அவர் கடை வரை துரத்திக்கொண்டு போயிருக்கும். பவனி முடிந்ததும் படத்தைத் தானே கழற்றிவிடுவதாக அப்புறம் ஆள் விட்டுச் சொன்னார். கழற்றவும் செய்தார்.

பகல் சாயும்போது பவனி வந்தது. வெனெரா என் பக்கத்தில் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிட்டிருக்கவில்லை. மருந்துக்கடை முனையில் வாத்தியக் குழு திரும்பியது. மூன்றாவது வரிசையில், பெரிய தொப்பிக்குக் கீழே ஜெல்சொமினா. மற்றவர்கள் வாசித்துக்கொண்டு வந்தார்கள். அவள் கிளாரினெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி வந்தாள். முனையில் நின்றாள். தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் நடந்தாள். ஆனால் கிளாரினெட்டை வாயில் வைக்கவில்லை.

"வந்துட்டா, வெனெரா. நடக்குறாள்ல? போதும்" என்றேன்.

"போதாது தெக்லாக்கா" என்று சொல்லிவிட்டு, அவள் கம்பிமேல் சாய்ந்து, "கிறிஸ்தீனம்மா!" என்று கூப்பிட்டாள்.

எங்கள் ஊர் வழக்கப்படி, ஒரு வீட்டிலிருந்து புனிதையைக் கூப்பிட்டால் சப்பரம் அங்கே நின்றாக வேண்டும். வாத்தியமும் நிற்கும். தலைவர் மணியடித்து, யார் கூப்பிட்டது என்று கேட்பார். கூப்பிட்டவர் பெயர் சொல்ல வேண்டும், தூக்குகிறவர்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றி, அவர் முகத்தைப் பார்த்து, அந்தப் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். கல்யாணம், குழந்தை, பிழைத்தெழுந்த நோய் என்று ஏதாவது நல்லதுக்குத்தான் கூப்பிடுவார்கள்.

சப்பரம் இறங்கியது. நேலே மணியைக் கையில் எடுத்தார். காது சிவந்திருந்தது. பிறகு அடித்தார்.

"யார் கூப்பிட்டது?"

"வெனெரா" என்றாள் அவள். "தச்சன் அல்ஃபியோவோட மக. கிளாரினெட் வாசிக்கிற ஜெல்சொமினாவோட அம்மா."

ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். மீன்காரன், தலை இல்லை என்று சொன்னவன், எல்லோரும். அந்தச் சுவரை இரண்டு மாதமாகப் பார்த்த அத்தனை ஆண்களும் கழுத்தைப் பின்னால் சாய்த்து, பட்டுக்கு மேலே, அவள் முகத்தைப் பார்த்தார்கள். அது லட்சணமான முகம், களைத்த முகம், நெற்றியில் நூல்துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. "வெனெரா!" என்று கத்தினார்கள். ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது.

அவர்களுடைய குரல் அடங்கியதும் வாத்தியக் குழுத் தலைவர் கையை உயர்த்த வேண்டும், அப்புறம்தான் வாத்தியம் தொடங்க வேண்டும். அவர் கை இன்னும் உயரவில்லை. மூன்றாவது வரிசையில் ஜெல்சொமினா அம்மாவையே பார்த்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்துவிட்டாள்.