வந்துவிட்டவள்

உன் பெயர் என்ன என்று கடைக்காரர் கேட்டதற்கு என் மகள் "லேட்டு" என்றாள். எட்டு வயதுப் பெண். சொல்லிவிட்டுப் பெருமையாகச் சிரித்தாள் வேறு.

அது என் நாத்தனார் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர். பிள்ளைகளைச் சொல்லி என்ன பயன்? "அவ கொஞ்சம் லேட், அவ்வளவுதான்" என்று வீட்டுப் பெரியவர்கள் வாய்க்கு வாய் சொன்னதை அவர்கள் சுருக்கிக்கொண்டார்கள். எனக்கு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. எடுத்துவைத்த சோப்பைக் கவுண்டரிலேயே போட்டுவிட்டு அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

மூன்று வயதிலும் அவள் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை என்று டாக்டரிடம் காட்டப் போனபோதுதான் இந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. வளர்ச்சித் தாமதம் என்றார்கள். என் கணவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக். நடு மாடியில் நின்றுபோன எதையும் ஓட வைத்துவிடுவார். தாமதம்தானே, வந்துவிடும் என்றார்.

எனக்காவது புத்தி இருந்திருக்கவேண்டும். பேருந்து நிலையத்தில் மைக் பிடித்து அறிவிப்புச் சொல்வது என் பிழைப்பு. வண்டி பழுதாகிப் பணிமனையில் படுத்துவிட்டது, இன்றைக்கு வரவே வராது என்று தெரிந்தாலும் மேலாளர் தாமதம் என்றுதான் சொல்லச் சொல்வார். வராது என்றால் ஜனங்கள் வந்து சட்டையைப் பிடிப்பார்கள். தாமதம் என்றால் வாயை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

பள்ளிக்கூடமும் காத்திருந்தது. மற்றவர்களை எட்டிப் பிடித்ததும் மேலே அனுப்பலாம் என்று மூன்றாவது வருடமாக அவளை ஒன்றாம் வகுப்பிலேயே வைத்திருந்தார்கள். மேசைக்கடியில் முழங்கால் நுழையாமல் பக்கவாட்டில் காலை நீட்டி உட்காருவாள். கூடப் படிக்கும் வாண்டுகள் அவளை அக்கா என்று கூப்பிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து தரச் சொல்லும். படிப்பில் கிடைக்காத மரியாதை பாட்டிலில் கிடைத்தது. அவளுக்குப் புதிதாக எதையும் யாரும் சொல்லித் தரவில்லை. அதே பாடம், அதே பாட்டு, அதே படம்.

நாளைக்குப் பள்ளிக்கு வாருங்கள், இந்த வார்த்தையை மாற்றிவிட்டுத்தான் மறுவேலை என்று கணவரிடம் சொன்னேன். குழந்தைகள் விளையாட்டாகச் சொன்னதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று முனகினார். மறுநாள் வந்தார், வேண்டாவெறுப்பாக.

தலைமையாசிரியையின் அறையில், குழந்தைகளின் வளர்ச்சியைப் பரிசோதிக்க வரும் டாக்டரம்மாவும் இருந்தார். போன மாதம்தான் என் மகளைப் பார்த்திருந்தார். இன்னும் எத்தனை வருடம் தாமதம் என்று நேராகவே கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

தாமதம் என்பது சின்னக் குழந்தைகளுக்குச் சொல்வது, அந்த வயதில் எது வரும், எது வராது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். இவளுக்கு இப்போது பொருந்துகிற சொல் அறிவுத்திறன் குறைபாடு. பெற்றவர்கள் மனம் நோகக்கூடாது என்று யாரும் பழைய சொல்லை மாற்றவில்லையாம். எங்கள் மனம் நோகாமலிருக்க அவள் முழங்கால் நோக வேண்டியிருந்தது.

மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டேன். வயதுக்கேற்ற வகுப்பில் உட்காரலாம், பக்கத்திலிருந்து அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லித்தர ஓர் உதவி ஆசிரியை உண்டு என்றார் தலைமையாசிரியை. தாமதம் என்றிருந்தால் அது கிடையாது. ஆனால் பெற்றோர் இருவரும் சம்மதிக்கவேண்டும்.

"யோசிச்சுக்கோங்கம்மா. அந்த வார்த்தை ஒரு தடவை ஒட்டிக்கிட்டா அப்புறம் போகாது," என்றார் கனிவாக.

அந்தக் கனிவுதான் என்னைக் கொளுத்தியது.

"போகவேணாம் டீச்சர். அவ இப்படித்தான் இருக்கா, இப்படித்தான் இருப்பா. அஞ்சு வருஷமா எல்லாரும் வேற எவளோ ஒரு பொண்ணு வருவான்னு வாசலைப் பாத்துக்கிட்டு இருக்கோம். அவ வரமாட்டா. வந்துட்டவ ஒருத்தி இங்க இருக்கா. அவளுக்குச் சொல்லிக்குடுங்க."

குரல் மைக்கில் பேசுகிற அளவுக்கு ஏறிவிட்டது போலிருக்கிறது. வராந்தாவில் போன ஆயா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாக இல்லை.

என் கணவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது சரியாகாதா டாக்டர்?" என்றார்.

"ஆகாதுங்க. கத்துக்குவா. மெதுவா, ஆனா நிறையக் கத்துக்குவா. சரியாகுறதுன்னு ஒண்ணு இதுல இல்ல."

ஐந்து வருடத்தில் அவரிடம் இதை ஒருவரும் சொன்னதில்லை. அவர் அழுதார். நான் தடுக்கவில்லை. அவர் அழுது முடிக்காமல் இங்கிருந்து எழுந்திருக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சம்மதம் என்றார்.

தலைமையாசிரியை நிம்மதியாகச் சிரித்தார். எல்லாம் நல்லபடியாக ஏற்பாடு செய்து, அடுத்த வருடம் பள்ளி திறந்ததும் மாற்றிவிடலாம் என்றார்.

கணவர் எழுந்து ஒன்றாம் வகுப்புக்குப் போனார். வாண்டுகள் கத்திக்கொண்டிருக்க, மகளின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார். தலைமையாசிரியையின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"மூணாம் வகுப்பு எந்தப் பக்கம் டீச்சர்?"