ஊசி குத்தாத கை

வாரத்துக்கு மூன்று நாள், ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். ஆக வாரத்தில் பன்னிரண்டு மணி நேரம் நான் என் அப்பாவைப் பற்றிய சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சண்டை போட்டவர்களுக்கு அவர் என் அப்பா என்று தெரியாது.

நான் டயாலிசிஸ் டெக்னீசியன். எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் நர்ஸ் இல்லை என்று முதல் மாதம் சொல்லிப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். காலை ஷிஃப்டில் ஜன்னலோரப் படுக்கை ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டருக்கு. அதற்கடுத்தது தையல்காரருக்கு. இருவருக்கும் இடது கையில் இரண்டு ஊசிகள். ஒன்றின் வழியாக ரத்தம் மெஷினுக்குப் போகும், மற்றதன் வழியாகத் திரும்பி வரும். அந்தக் கையை அசைக்கக் கூடாது. மடக்கினால் அலாரம் கத்தும். அதனால் அவர்கள் ஒற்றைக் கையால்தான் சண்டை போடுவார்கள். எழுந்து போகவும் முடியாது. ஒருவர் சொன்னதை மற்றவர் கடைசிவரை கேட்டே ஆகவேண்டிய சண்டையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கல்லூரியில் கட்டி முடித்திருக்கும் உள்ளரங்குக்குப் பழைய கூடைப்பந்து கோச்சின் பெயரை வைக்கப்போவதாகப் பேப்பரில் வந்த அன்றுதான் ஆரம்பித்தது.

"அவர் வர்றதுக்கு முன்னாடி அந்தக் காலேஜ்ல பந்துன்னா கேன்டீன் போண்டாதான்யா" என்றார் கண்டக்டர். "ரெண்டு தடவை கப்பு வாங்கிக் கொடுத்தாரு. டிப்போவுல லீவு போட்டுட்டு நான் போய்ப் பாத்தவன்."

"நீ எப்ப லீவு போடாம இருந்த? அது கெடக்கட்டும். மூணாவது கப்பை எங்க கொண்டு போய்க் கொடுத்தாரு? கையில இருந்த மேட்ச்சு. வித்துட்டாருய்யா."

"நாக்கு அழுகிடும்."

"கிட்னியே அழுகிடுச்சு, நாக்கு போனா என்ன?"

மற்றப் படுக்கைகளில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். நான் ரத்த அழுத்தம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு எண்ணைத் தப்பாக எழுதி அடித்தேன்.

அந்த மேட்ச் நடந்தபோது எனக்குப் பத்து வயது. ஒன்பது வினாடி பாக்கி, ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம், பந்து எங்களிடம். டைம் அவுட் மிச்சமில்லை. கேலரியின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அப்பா எப்போதும் வலது கை விரல்களால்தான் உத்தரவு கொடுப்பார். மூன்று விரல் என்றால் மூலையில் தனியாக நிற்பவனுக்குப் பந்து. அவன் தூரத்திலிருந்து எறிவான். நான்கு விரல் என்றால் கூடைக்கு அடியில் நிற்கும் உயரமானவனுக்கு. பந்தை வைத்திருந்தவனை அப்பா நண்டு என்றுதான் கூப்பிடுவார், பக்கவாட்டிலேயே ஓடுவதால். ஊருக்கும் அதுவே பெயராகிவிட்டது. நண்டு அப்பாவின் கையைப் பார்த்தான். பந்தை உள்ளே, உயரமானவனுக்குக் கொடுத்தான். அங்கே மூன்று பேர் காத்திருந்து பிடுங்கிக்கொண்டார்கள். மூலையில் இருந்தவன் காலிக் கைகளை நீட்டியபடி நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

அன்று சாயங்காலம் நிருபர்கள் கேட்டபோது அப்பா, "நான் மூணுதான் காட்டினேன்" என்றார். அவ்வளவுதான். அடுத்த மாதம் வேலையை விட்டார். நண்டு அதன் பிறகு விளையாடவில்லை என்று கேள்விப்பட்டோம்.

பத்தொன்பது வருடங்கள் கழித்து, நான்காம் படுக்கைக்குப் புது நோயாளியாக அந்த நண்டு வந்தார். லிஃப்ட் மெக்கானிக். தலைமுடி முன்பக்கம் போயிருந்தது, முகம் வீங்கியிருந்தது. எனக்கு ஃபைலில் பெயரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரிய மூன்று தடவை ஆனது. ஊசி குத்தும்போது வேறு பக்கம் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தார்.

"ப்ராக்டிஸ் அப்போ ஸ்கோர் பலகையில நம்பர் மாத்துற பாப்பாதானே நீ?"

தலையாட்டினேன்.

"சார் எப்படி இருக்கார்?"

"இருக்கார், அண்ணா."

நான் பிளாஸ்திரி ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "என்னைப் பத்தி எப்பவாவது ஏதாவது சொல்வாரா?"

"அவர் பேசறதே கம்மி."

அது உண்மைதான். ஆனால் அதைச் சொல்லும்போது எனக்குக் காது சுட்டது. கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, தேவையில்லாமல் இன்னொரு முறை கை கழுவினேன்.

அன்று வீட்டில் அப்பாவுக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிட்டேன். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போதிருந்து இது என் வேலை. அவருடைய வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிப் பள்ளமாக இருக்கும். வெளியே போனால் அந்தக் கையைப் பைக்குள் விட்டுக்கொள்வார். பார்ப்பவர்கள் மனுஷனுக்கு இன்னும் மிடுக்கு குறையவில்லை என்பார்கள்.

"நண்டு அண்ணன் எங்க யூனிட்டுக்கு வந்திருக்கார்" என்றேன்.

அப்பா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை நாளா?"

"ஒரு வாரமா."

"எந்தக் கையில ஊசி?"

"இடது கையில."

"நல்லது. அவன் வலது கைப் பையன்" என்றார். கடைசிப் பட்டனை நான் போட்டு முடிக்கும்வரை அசையாமல் நின்றார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "காலர் சரியா இருக்கா பாரு" என்றார்.

கண்டக்டருக்கும் தையல்காரருக்கும் புதிதாக வந்தவர் யாரென்று தெரியவில்லை. அவர்கள் நண்டைக் கேலரியின் உச்சியிலிருந்து பார்த்தவர்கள். அந்த ஒல்லிப் பையனுக்கும் இந்த ஆளுக்கும் சம்பந்தமே இல்லை. சண்டை வழக்கம்போல நடந்தது. தையல்காரர் ஒருநாள் புது ஆதாரம் கொண்டுவந்தார்.

"டீமுக்கு யூனிஃபார்ம் தெச்சவன் நான். அவருக்குச் சட்டையும் நான்தான். அந்த வருஷம் வந்து என்ன சொன்னாரு தெரியுமா? பட்டன் வேண்டாம், ஜிப் வெச்சுக் கொடுங்கன்னாரு. கோச்சுக்கு ஜிப் வெச்ச சட்டை! காசு வந்தா மனுஷனுக்கு என்னென்ன ஆசை வருது பாரு."

"ஜிப்புக்கும் மேட்ச்சுக்கும் என்னய்யா சம்பந்தம்? உன் மூளைக்குத்தான் ஜிப் வெக்கணும்."

அந்தச் சட்டை எனக்குத் தெரியும். நீலநிறம். ஜிப்பின் நுனியில் அம்மா ஒரு வளையம் கோத்துக் கொடுத்திருந்தாள், பிடித்து இழுக்க வசதியாக. தண்ணீருக்குப் பதில் சப்பும் ஐஸ் துண்டுகள் இருந்த கிண்ணத்தைக் கண்டக்டரின் மேஜையில் வைத்தேன். என் வாயைத் திறந்தால் என்ன வெளியே வரும் என்று எனக்கே நிச்சயமில்லை. நான்காம் படுக்கையில் அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை.

பெயர் வைக்கும் விழாவுக்கு நான்கு நாள் முன்பு கண்டக்டர் புது உற்சாகத்தோடு வந்தார். பழைய ரசிகர்கள் சார்பில் இரண்டு நிமிடம் பேச அவரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"சிஸ்டர், நேரம் பாரும்மா" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். பஸ்ஸில் ஸ்டாப் பெயரைக் கூவிய குரல். மெஷின்களின் சத்தத்துக்கு மேலே கணீரென்று கேட்டது. "பெரியோர்களே! இந்த ஊரு ஒரு மனுஷன் மேல பத்தொன்பது வருஷமா ஒரு கறையைப் பூசி வெச்சிருக்கு. இன்னிக்கு நான் அதைக் கழுவுறேன். கோச் காட்டினது மூணு! பாத்தவனுக்குக் கண்ணு சரியில்ல! ஒரு பையனோட குருட்டுத்தனத்துக்கு ஒரு மேதை பலியானார்..."

மூன்று என்று சொல்லும்போது ஆவேசத்தில் ஊசிக் கையைத் தூக்கிவிட்டார். அலாரம் கத்தியது. ஓடிப்போய்க் கையை நேராக்கி, ஊசி நகரவில்லை என்று பார்த்து, சத்தத்தை நிறுத்தினேன்.

"கைதட்டல் பலமா இருக்கே" என்றார் தையல்காரர்.

"நாலுதான் காட்டினார்" என்று நான்காம் படுக்கையிலிருந்து குரல் வந்தது.

அவர் பேசி அவர்கள் கேட்டதே இல்லை. கண்டக்டர் கழுத்தை மட்டும் திருப்பினார். "நீங்க மேட்ச்சு பாத்தீங்களா தம்பி? எங்க உக்காந்திருந்தீங்க?"

"உக்காரல. பந்து என் கையில இருந்துச்சு."

தையல்காரர்தான் முதலில் சொன்னார், மிக மெல்ல. "நண்டா?"

"ஆமா." அவர் கூரையைப் பார்த்தபடியே பேசினார். "நாலு விரல். நல்லா பாத்தேன். மூலையில அவன் சும்மா நிக்கிறான், உள்ள மூணு பேர் இருக்காங்க, அப்படியும் சார் நாலு காட்டறாரேன்னு ஒரு நொடி யோசிச்சேன். சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு கொடுத்துட்டேன். மறுநாள் பேப்பர்ல மூணுன்னு வருது. கண் டாக்டர்கிட்ட போனேன். கண்ணுல ஒண்ணும் இல்லைன்னார். வேற ஊருக்குப் போய் இன்னொருத்தர்கிட்ட காட்டினேன். அவரும் ஒண்ணும் இல்லைன்னார். அப்ப மூளையிலதான் கோளாறுன்னு முடிவு பண்ணிட்டேன். இப்பகூட லிஃப்ட்டுல பேனல் மாட்டினா, ஒவ்வொரு மாடி நம்பரையும் ரெண்டு தடவை பக்கத்துல இருக்கிறவனைப் படிக்கச் சொல்லித்தான் கேட்டுக்குவேன்."

"நான் சொல்லல?" என்றார் தையல்காரர். ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை. "வேணும்னே தப்பா காட்டியிருக்காரு."

"வித்தாருன்னு நான் சொல்ல வரல. அப்படிப் பேசாதீங்க." அவர் வலது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து நான்கு விரல்களைத் தூக்கிப் பிடித்தார். "இதைத்தான் பாத்தேன். அவ்வளவுதான்."

கண்டக்டர் தன் பேச்சு எழுதிய காகிதத்தை மடியில் கவிழ்த்து வைத்தார். அவர் முகம் சின்னதாகிவிட்டது. "தம்பி, நான் உங்க மனசை நோகடிக்கணும்னு... ஆனா அப்படின்னா சார் பொய் சொன்னாரா? அந்த மனுஷன் பொய் சொல்வாரா?"

நண்டு அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று பிடிவாதமாகக் கூரையைப் பார்ப்பது தெரிந்தது. என்னிடம் கேட்கும் உரிமை இருந்த ஒரே ஆள், கேட்காமல் இருந்தார். நான் கண்டக்டரின் படுக்கைக்கும் தையல்காரரின் படுக்கைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டும், ராத்திரிச் சட்டைக்குப் பட்டன் போட வேண்டும் என்று நினைத்தேன்.

"அவர் என் அப்பா" என்றேன். என் குரல் எனக்கே கேட்டதா என்று சந்தேகமாக இருந்தது. மறுபடியும் சொன்னேன்.

"என்னம்மா சொல்ற?" என்றார் கண்டக்டர்.

நான் வலது கையைத் தூக்கினேன். மூன்று விரல்களை நிமிர்த்தி, சுண்டுவிரலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "மூணு காட்டணும்னா இப்படிப் பிடிக்கணும். அந்த வருஷம் அவருக்குக் கட்டைவிரல்ல பலம் போக ஆரம்பிச்சிடுச்சு. நரம்புக் கோளாறு. பட்டன் போட முடியல, அதனாலதான் ஜிப் கேட்டார். தெரிஞ்சா வேலையை விட்டு அனுப்பிடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல." கட்டைவிரலைத் தளர்த்தினேன். சுண்டுவிரல் தானாக மேலே வந்தது.

தையல்காரர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சரியாத்தான் பாத்தீங்க, அண்ணா. மேட்ச்சுக்கு மறுநாள் காலையில அப்பா பாத்ரூம் கண்ணாடி முன்னாடி நின்னு மூணு காட்டிப் பாத்தார். திரும்பத் திரும்பக் காட்டினார். ஒவ்வொரு தடவையும் நாலுதான் வந்துச்சு. நான் கதவுகிட்ட நின்னுட்டு இருந்தேன். கண்ணாடியில என்னையும் பாத்தார்."

மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாத் திரைகளிலும் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பாக்கி இருந்தது. நான்காம் படுக்கையில் அந்த நான்கு விரல்களும் இறங்காமல் அப்படியே நின்றன.

"அவருக்கு அன்னிக்கே தெரியும்" என்றேன்.