கோங்கிக்கு ஐம்பத்தைந்து கிராம்

கொரியாவின் தேகு நகரத்துச் சந்தைக்குப் பின்தெருவில் போக்ஹி அக்கா வைத்திருக்கும் அழகுநிலையத்தில் நான் பன்னிரண்டு வருஷமாகக் கத்தரி பிடிக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் முடி சுருட்ட வருவார்கள், மீதிப்பேர் கோங்கியைப் பார்க்க. கோங்கி மால்டீஸ் ஜாதி நாய். வெள்ளைப் பஞ்சு மூட்டை. தலையில் சுருளை மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காருகிறவர்கள் மடியில்தான் அதன் பகல் போகும். மடிக்கு மடி தீனியும் உண்டு.

எல்லாரையும் மிஞ்சியவர் கருவாட்டுக்கடை மால்சுன் அக்கா. தினமும் மூன்று மணிக்கு எதையாவது காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்துவிடுவார்.

"பிள்ளைய இப்படிப் பட்டினி போட்டா வளர்ப்பாங்க, போக்ஹி?"

"பட்டினியா? வயிறு தரையில இழுக்குது பாருங்க அக்கா," என்று போக்ஹி அக்கா சிரிப்பார். தடுக்கமாட்டார்.

சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு மறுநாள் மால்சுன் அக்கா கொண்டுவந்தது எண்ணெயில் பொரித்த பன்றிக் கொழுப்பு. அன்று சாயங்காலமே கோங்கி முதுகை வளைத்துக்கொண்டு வாந்தி எடுத்தது, உடம்பு நடுங்கியது. கணையம் வீங்கியிருக்கிறது என்றார் மருத்துவர். மூன்று நாள் குளுக்கோஸ் ஏறியது.

"மூணரைக் கிலோ இருக்க வேண்டிய நாய் அஞ்சு கிலோ இருக்கு," என்றார் அந்த டாக்டரம்மா. "நமக்கு ஒரு வாய்னா இதுக்கு ஒரு வேளைச் சாப்பாடு. கொழுப்பு குறைஞ்ச தீனி, ஒரு நாளைக்கு ஐம்பத்தஞ்சு கிராம். நாலா பிரிச்சுக் குடுங்க. ஆசைக்குக் கொஞ்சம் வேகவச்ச கோஸ் குடுக்கலாம், அதையும் கணக்குல கழிச்சிடணும்."

போக்ஹி அக்கா 'தீனி கொடுக்காதீர்கள்' என்று கதவில் எழுதி ஒட்டினார். யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் மால்சுன் அக்கா வருவதை நிறுத்திவிட்டார்.

வீடு திரும்பிய கோங்கி புதுத் தீனியை முகர்ந்து, பட்டாணி அளவு உருண்டைகளில் நாலைத் தின்றுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்று மணியானால் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் போய் உட்காரும்.

"வராம இருக்கறதே நல்லது," என்றார் போக்ஹி அக்கா முதல் நாள். இரண்டாம் நாள் அவரே கதவை எட்டிப் பார்த்தார். ஐந்தாம் நாள் அன்றைய தீனியைத் தராசில் நிறுத்து ஒரு டப்பாவில் போட்டு, நாயை இடுப்பில் வைத்துக்கொண்டு கருவாட்டுக்கடைக்குக் கிளம்பினார். வாடிக்கையாளர் யாரும் இல்லாததால் நானும் பின்னாலேயே போனேன்.

எங்களைக் கண்டதும் மால்சுன் அக்கா நெத்திலியைக் குவிக்க ஆரம்பித்தார். குவித்ததையே குவித்தார்.

"தூக்கிட்டுப் போடி. நான் கொலைகாரி."

"என்ன செத்துப்போச்சு இங்க? நாளெல்லாம் உங்களைத் தேடுது."

"நான் குடுத்ததுதானே..."

"நான் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு நின்னேனே, அது என்னவாம்? சேர்ந்துதான் கெடுத்தோம்." டப்பாவைத் திறந்து நீட்டினார். "இதுல பத்து உருண்டை உங்க பங்கு. பதினொண்ணு குடுத்தா உங்க தலைய மொட்டையடிச்சுடுவேன்."

மால்சுன் அக்கா சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினார். ஒவ்வொன்றாக நீட்டினார். கோங்கி விரலை முதலில் நக்கியது, அப்புறம் உருண்டையை வாங்கிக் கடித்தது. பத்தும் தீர்ந்தது.

"கல்லு மாதிரி இருக்கேடி, இதைப் போய் திங்கிறியே," என்று அதைத் திட்டியபடி முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கதவில் இருந்த காகிதத்தைக் கிழித்துவிட்டோம். இப்போது டப்பா கண்ணாடிக்கு முன்னால் இருக்கும். யார் ஊட்டுவதானாலும் அதிலிருந்துதான். காலியானால் அன்றைக்கு முடிந்தது. "நேத்து நீ பதிமூணு குடுத்தே, நான் எண்ணினேன்!" என்று சுருள் மாட்டிய தலைகள் சண்டை போடும்.

வசந்தத்தில் கோங்கியைத் தன் கோட்டுக்குள் வைத்து மருத்துவரிடம் கொண்டுபோனவர் மால்சுன் அக்காதான். நாலு கிலோவுக்குக் கீழே வந்திருந்தது. இன்னும் முந்நூறு கிராம் குறையணும் என்றாராம் மருத்துவர். திரும்பும் வழியெல்லாம் அந்த டாக்டரம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தாராம் மால்சுன் அக்கா.