உட்கார மாட்டோம்

நகராட்சியின் இளைஞர் வழிகாட்டு மையத்தில் எனக்கு இருந்தது ஒரே வேலை. உட்காருவது. பெரிய மனிதர்கள் பார்வையிட வரும் நாளில் பயிற்சிக் கூடத்தில் நாற்காலி காலியாகத் தெரியக் கூடாது. மையத்து அதிகாரி போன் பண்ணுவார். "சும்மா வந்து உக்காரும்மா. டீ, பிஸ்கட் உண்டு." அவரைச் சிரிப்பு சார் என்போம். கடுமையாகப் பேசவே தெரியாத மனிதர். அதனாலேயே அவரோடு சண்டை போட முடியாது.

வேலையில்லாமல் வீட்டில் கிடக்கிறவள்தானே என்று போனேன். எங்கள் தெரு நெட்டையும் வருவான். மெழுகுவர்த்தி வகுப்பில் உட்கார்ந்தோம், தையல் வகுப்பில் வேடிக்கை பார்த்தோம், கணக்கு எழுதும் வகுப்பில் கொட்டாவி விட்டோம். சுத்தமான ஒப்புக்குச் சப்பாணிகள். போட்டோ எடுத்ததும் அனுப்பிவிடுவார்கள்.

பிறகுதான் பஸ் டெப்போவில் மெக்கானிக் பயிற்சி வந்தது. உதவித்தொகை உண்டு, முடித்தால் அங்கேயே வேலை. பஸ் நடுவழியில் நின்று டிரைவர் இன்ஜின் மூடியைத் திறந்தால், பள்ளிக்கு மணியடித்தாலும் இடத்தை விட்டு நகராதவள் நான். அதை விட்டால் எனக்கிருந்தது ஆஸ்பத்திரி சலவைக்கூடம். அம்மா அங்கே நின்று நின்றே கால் வீங்கிப்போனவள். வேறு வழியில்லாமல் எனக்கும் அங்கேயே சொல்லி வைத்திருந்தாள். அடுத்த மாதம் சேர வேண்டும்.

டெப்போவுக்குப் பெயர் கொடுக்கப் போனேன். சிரிப்பு சார் சிரித்தார்.

"ஒருத்தருக்கு மூணு பயிற்சிதாம்மா. நீ ஏற்கெனவே மூணும் முடிச்சிட்ட."

"எத சார் முடிச்சேன்? உங்க நாற்காலிய சூடாக்கினேன். அவ்வளவுதான்."

"கணக்குல அது பயிற்சிதானே. கோவப்படாத, டீ சாப்பிடு."

என் தலையில் மிளகாய் அரைத்துவிட்டு எனக்கே டீ நீட்டுகிறார். குடிக்காமல் வந்தேன். உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்த வாரமே மறுபடி போன். நகராட்சித் தலைவி வருகிறாராம், தெருப் பிள்ளைகள் எல்லாரையும் அழைத்து வர வேண்டுமாம். அழைத்துப் போனேன். வழியில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நெட்டைக்குத்தான் கவலை.

"டீயாவது குடிக்கலாமா?"

"குடி. உக்காராத."

தலைவி உள்ளே வந்தபோது நாற்காலிகள் எல்லாம் காலி. நாங்கள் சுவரோரம் நின்றிருந்தோம். "உக்காருங்க, உக்காருங்கப்பா" என்று சிரிப்பு சார் கெஞ்சினார். யாரும் அசையவில்லை. அவரே ஒரு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். அதற்காக உட்கார்ந்துவிடுவேனா?

"ஏம்மா நிக்கிறீங்க?" என்றார் தலைவி.

"உக்காந்தா பயிற்சி முடிச்சதா ஆயிடும் மேடம். இப்படி உக்காந்தே நான் மூணு முடிச்சிட்டேன். அதனால டெப்போல எனக்கு இடம் இல்லையாம்."

சிரிப்பு சார் அன்றுதான் சிரிக்க மறந்தார். "பரிசீலனை பண்றோம் மேடம்" என்று பூசி மெழுகப் பார்த்தார்.

"பண்ணுங்க சார். அதுவரைக்கும் நிக்கிறோம்."

தலைவி நல்லவரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கூட வந்த போட்டோக்காரர் காலி நாற்காலிகளை விதவிதமாக எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"இவங்க உக்காந்ததெல்லாம் கணக்குல வராது" என்றார். "இந்தப் பொண்ணு பேர டெப்போவுக்குச் சொல்லுங்க. இப்பவே."

"இப்பவாவது உக்காருங்களேம்மா" என்றார் சிரிப்பு சார்.

"நீங்க பேசி முடிங்க சார்."

எங்கள் முன்னாலேயே டெப்போவுக்குப் பேசினார். என் பெயரைச் சொன்னார், அவர்கள் சரி என்றதும் போனை வைத்தார். நான் அங்கேயே அம்மாவைக் கூப்பிட்டேன். சலவை இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் கத்த வேண்டியிருந்தது.

"அம்மா, எனக்குச் சொல்லி வெச்ச இடத்துக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு."

நெட்டை ஆசையாக ஒரு நாற்காலியைப் பார்த்தான். "இப்ப உக்காரலாமா?"

"வீட்டுல போய் உக்காரு" என்றேன்.