இரண்டு கிளினிக் கொப்பிகள்

அங்கம்மாவிடம் இரண்டு கிளினிக் கொப்பிகள் இருந்தன. பிள்ளைத்தாய்ச்சிக் கொப்பியைத் தோட்டத்து லயத்தில் யார் கேட்டாலும் காட்டுவாள். வலிப்புக் கொப்பி சேலைகளுக்கு அடியில் கிடக்கும். வலிப்பு என்று தெரிந்தால் கங்காணி மலைக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்க விடமாட்டார். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கப் போனாலும் விலகி நிற்பார்கள். புருஷன் கஜேந்திரனுக்கு மட்டும் தெரியும். அவனும் வாயைத் திறக்கவில்லை. மகள் தர்மிளா வயிற்றில் இருந்த பத்து மாதமும் அந்தக் கொப்பிகள் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை.

இன்று பதுளையில், டாக்டர் சிவரூபியின் மேசையில் இரண்டையும் சேர்த்து வைத்தாள். தர்மிளாவுக்கு ஐந்து வயது. நாலு சொல்தான் பேசுவாள். போன மாதம் அவளைக் காட்ட வந்தபோது, “வயித்தில இருக்கேக்க ஏதும் குளிசை போட்டனீங்களோ?” என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று கூசாமல் பொய் சொல்லிவிட்டுப் போனவளுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. இப்போது மறுபடியும் மூன்றாம் மாதம். நாலு நாளாக வலிப்புக் குளிசையை நிறுத்தியிருந்தாள்.

டாக்டர் இரண்டையும் வாசித்தார்.

“இந்தக் குளிசை பிள்ளையின்ர மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம். அதுதான் காரணமெண்டு நிச்சயமாச் சொல்லேலாது. இப்பதான் எங்களுக்கே விளங்கிக்கொண்டு வருது.”

“அப்ப எம் புள்ளய நாந்தான் இப்பிடி ஆக்கிட்டேனா, டாக்டரம்மா?”

“இல்லை. போடாமல் விட்டிருந்தா ரெண்டு பேரும் போயிருக்கவும் கூடும். இப்பவும் நீங்களா நிப்பாட்டக்கூடாது. இண்டைக்கே திரும்பத் தொடங்குங்கோ, மெல்ல மெல்ல வேற மருந்துக்கு மாத்துவம். ஆனா பிள்ளைத்தாய்ச்சிக் கொப்பியில வலிப்பெண்டு எழுதவேணும். தோட்டத்து மிட்வைஃபும் அதைப் பார்க்கவேணும்.”

மிட்வைஃப் பார்த்தால் மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் எல்லார் வாயிலும் அதுதான். அங்கம்மா விசும்பி அழுதாள். இல்லை என்று டாக்டர் சொன்னால் மட்டும் பெற்றவள் நெஞ்சு கேட்டுவிடுமா? முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“எழுதுங்க.”

ஹல்துமுல்லை பஸ்ஸில் தர்மிளாவை மடியில் வைத்திருந்தாள். லயத்தில் அடுத்த காம்பிராவில் இருக்கும் இராக்கம்மா அவளைத் தாண்டி ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தாள்.

“எங்க போயிட்டு வாற?”

“எனக்கு வலிப்பு இருக்குக்கா. மருந்தெடுக்கப் போனேன்.”

இராக்கம்மா முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். இரண்டு நிறுத்தங்கள் கழிந்தன. சட்டென்று எழுந்தாள். வேறு இடம் பார்த்துப் போகிறாள் என்று அங்கம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

“நீ ஜன்னல் பக்கம் போ. கண்ண மூடிச் சாஞ்சுக்க.”

தர்மிளாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள் இராக்கம்மா. பிள்ளை அவளுடைய கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக முழங்கை வரை ஏற்றியது. பஸ் வளைவில் திரும்ப, எல்லாம் கலகலவென்று மணிக்கட்டுக்கு இறங்கின. பிள்ளை மறுபடியும் ஏற்றத் தொடங்கியது.