ஆக்கார்

காஜா பேராங்கில் என் பலசரக்குக் கடைக்கு கம்போங் செட்டி கிராமத்து அப்பாசாமி வந்தாலே எனக்குச் சிரிப்பு வரும். பெயர் அப்பாசாமி, நெற்றியில் திருநீறு, வாயைத் திறந்தால் மலாய். அந்தக் கிராமத்துத் தமிழர்களுக்குத் தலைமுறைகளாக மலாய்தான் பேச்சு; தமிழ் ஒரு வரி வராது. பத்து வருஷமாகக் காடு அளக்கப் போகிறவர். அவரிடம்தான் என் தங்கை கோகிலாவின் புருஷன் தியாகு காட்டில் பிழைக்கக் கற்றுக்கொண்டார். மெர்டேக்கா என்கிற சுதந்திரத்துக்கு முந்தின வருஷம் தோட்டத்து வேலை போய், அளவைக் குழுவில் சேர்ந்திருந்தார். தியாகுவுக்கு மலாய் அரைகுறை. எனக்கோ தண்ணீர் பட்ட பாடு. நானே மொழிபெயர்த்தேன்.

புக்கிட் கட்டில் பக்கத்துப் புதர்க்காட்டில் மூன்று ஞாயிறு. பாராங் கத்தியால் மரத்தில் வழிக்குறி போடுவது, ஈர விறகில் தீ மூட்டுவது எல்லாம் அப்பாசாமி செய்தே காட்டினார். தண்ணீருக்கு மட்டும் வாய்ப்பேச்சுதான். அதற்கு வேண்டியது பெரிய காட்டில்தான் கிடைக்குமாம்.

"காலாவ் தாடா ஆயேர், போத்தோங் ஆக்கார்" என்று கையைத் தலைக்கு மேல் தூக்கி, வாயைப் பிளந்து காட்டினார். குடிப்பதை நடிக்கிறார் என்று நினைத்தேன்.

"மாப்ள, தண்ணி இல்லன்னா வேர வெட்டுங்க" என்றேன். ஆக்கார் என்றால் வேர். அதுகூடவா எனக்குத் தெரியாது?

பங்குனியில் லேடாங் மலைக்காட்டில் அளக்கப் போன தியாகு வழி தவறினார். ஓடையெல்லாம் வற்றிக் கிடந்தது. அப்பாசாமியோடு தேடிப் போன எங்களுக்கு ஆறாம் நாள் உடல்தான் கிடைத்தது. சுற்றிலும் ஒன்பது குழிகள், வெட்டிப் போட்ட வேர்கள். விரல் நகமெல்லாம் பிய்ந்திருந்தது.

ஏன் மண்ணைத் தோண்டினார் என்று அப்பாசாமி என்னைக் கேட்டார். பிறகு அண்ணாந்து, மேலே தொங்கிய, கைப் பருமன் உள்ள கொடியை ஒரே வெட்டாக வெட்டினார். தண்ணீர் கொட்டியது.

"இனிலா ஆக்கார்" என்றார்.

இதுதான் ஆக்காராம். காட்டுக்குப் போகிறவர்கள் பேச்சில் கொடிக்கும் அதே பெயர்தான். பாவி நான், ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம்.

கருமாதிக்கு அப்பாசாமி வந்தார். கோகிலாவுக்கு மலாய் காய்கறி வாங்கும் அளவுதான்.

"அண்ணே, தண்ணி எடுக்க இவருதானே சொல்லிக் குடுத்தாரு? அப்புறம் எப்படி அவரு தாகத்துல செத்தாரு? கேட்டுச் சொல்லுங்க."

கேட்டேன். தான் சரியாகத்தான் சொன்னதாகச் சொன்ன அப்பாசாமி, நான் தியாகுவிடம் என்ன சொன்னேன் என்று மலாயில் கேட்டார். இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"சரியாத்தான் சொல்லிக் குடுத்தாராம்மா. மாப்ளதான் மறந்துட்டாராம்."

கோகிலா தியாகுவின் படத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஒரு வார்த்தைய ஞாபகம் வெச்சுக்க முடியலயா உங்களுக்கு?" என்று படத்தைத் திட்ட ஆரம்பித்தாள்.