இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

கிட்டே வாருங்கள், செல்லங்களா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இதை உரக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. ஒரு மகன் தன் அம்மாவுக்குப் பக்கம் திருப்பப் பொத்தான் செய்து கொடுத்த கதை. கேட்டு முடித்ததும் என்மேல் கோபம் வந்தால் வரட்டும்.

அவன் மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். ததும்பத் ததும்பப் பால் கொண்டுவருகிறவன் மாதிரி இரண்டு உள்ளங்கையிலும் அம்மா புத்தகம் படிக்கிற ஈ-ரீடரை ஏந்தியிருந்தான். அக்குளில் லேப்டாப். பகல் பதினொரு மணி. பாதிப் படியிலேயே அம்மாவின் மூச்சு கேட்டது, ஈரத் துணியை யாரோ விட்டு விட்டுப் பிழிவது போல.

"வந்துட்டாரு நாளைக்காரரு," என்றாள் அக்கா.

அது அம்மா வைத்த பேர். எதைக் கேட்டாலும் நாளைக்கு என்கிறவனுக்கு வேறென்ன பேர் வைப்பது?

கட்டில் பக்கத்தில் நர்ஸம்மா நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். வாசற்படியில் அத்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஒரு பக்கம் திருப்ப ஆறு நாளா, மாப்ள? நான் முழுப் பேப்பரையும் அஞ்சு நிமிஷத்துல மடிச்சு வச்சிடுவேனே."

"நீங்க படம் மட்டும்தானே பாக்குறீங்க," என்றாள் அக்கா. யாரும் சிரிக்கவில்லை.

அம்மா முப்பத்து நாலு வருஷம் நீதிமன்றத்தில் டைப் அடித்தவள். ஊரார் கொலைக்கெல்லாம் தீர்ப்பு அவள் விரல் நுனியில்தான் பிறந்தது. இந்த வியாதி வந்தபோது அந்த விரல்கள்தான் முதலில் போயின. அப்புறம் கை, அப்புறம் பாதித் தொண்டை. கடைசியில் இடது கால் பெருவிரல் ஒன்றுதான் அவள் சொல் கேட்டது. நாக்கு குழறியது, கூர் மட்டும் மழுங்கவில்லை.

கொலைக்கதை என்றால் அவளுக்கு உயிர். ஈ-ரீடரை முகத்துக்கு நேரே ஒரு தாங்கியில் நிறுத்தி, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து திருப்புவாள். ஒவ்வொரு பக்கத்துக்கும் அம்மா ஒரு முனகல். ஒவ்வொரு முனகலுக்கும் அக்கா ஒரு பெருமூச்சு.

"அவ விடுற மூச்சு கதையவிடப் பெரிசா இருக்குடா," என்றாள் அம்மா ஒருநாள் மகனிடம். "நானே திருப்பிக்கிற மாதிரி ஒரு வழி பண்ணு. சாகறதுக்குள்ள ஒரு புஸ்தகத்தையாவது யார் மூச்சும் மேல படாம முடிக்கணும்."

அவன் கம்ப்யூட்டர் வேலைக்காரன். கால்விரலால் அழுத்த உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் வாங்கினான். ஆனால் அதைச் செருகினால் அந்தக் கருவிக்கு அது யாரென்றே தெரியவில்லை. உள்ளே கெர்னல் என்று ஒருத்தன் இருக்கிறான், வீட்டுக்குப் பெரியவன் மாதிரி. அவனுக்குக் கீழே மாட்யூல் என்று சில்லறை ஆட்கள். விரல் தொடுவதைக் கவனிக்க ஒருவன், வெளியிலிருந்து வரும் பொத்தானைக் கவனிக்க ஒருவன். கம்பெனி கொடுத்த கெர்னலில் பொத்தானுக்கு ஆளே இல்லை. அதனால் இவன் லினக்ஸ் என்கிற கெர்னலை மூலத்திலிருந்து எடுத்து, பெரியவனையும் சில்லறை ஆட்களையும் புதிதாகக் கம்பைல் பண்ண, அதாவது எழுதிவைத்த நிரலிலிருந்து வார்த்தெடுக்க, உட்கார்ந்தான். ஈ-ரீடரையும் மாடிக்கு எடுத்துப் போனான். பின்மூடியைக் கழற்றி மூன்று வயர்களைப் பற்றவைத்தான், அது முணுமுணுப்பதெல்லாம் லேப்டாப்பில் தெரிவதற்காக. நகத்தளவு கார்டு ஒன்றில்தான் அதன் மூளை முழுக்க இருந்தது. அதைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அதைப் பிரதி எடுத்த வேறொரு கார்டில் வேலையைத் தொடங்கினான்.

ஒரு விஷயத்தை மட்டும் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். புதுக் கெர்னலுக்கு நம் இஷ்டத்துக்கு ஒரு வால்பேர் ஒட்டலாம். அவன் ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று ஒட்டினான். அதோடு செய்த சில்லறை ஆட்கள் எல்லார் நெற்றியிலும் அதே பேர் பதிந்துவிடும். பேர் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தாவிட்டால், பெரியவன் அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுவான்.

ஆறு நாள் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கதை நின்றுபோயிருந்தது. கொலை செய்தது யார் என்று தெரிய இன்னும் பதினெட்டுப் பக்கம். "கடைசிப் பக்கத்த மட்டும் அவன்கிட்ட கேட்டு வந்து சொல்லட்டுமாம்மா?" என்றாள் அக்கா. "விசாரிக்காம தீர்ப்பா?" என்றாள் அம்மா.

முந்தின நாள் சாயங்காலம் அவன் இறங்கி வந்து, "எல்லாம் முடிஞ்ச மாதிரிதாம்மா. பொத்தான் செருகுற போர்ட்ல கரண்ட் மட்டும் வரல. நாளைக்கு ஆயிடும்," என்றான்.

அம்மா அவனைப் பார்த்தாள். நர்ஸம்மாவும் அத்தானும் கேட்க, ஒவ்வொரு சொல்லாகத் தள்ளித் தள்ளிச் சொன்னாள். "உங்கப்பன் ஆஸ்பத்திரியில கிடந்தப்பவும் இதத்தான் சொன்னே. நாளைக்கு வர்றேன்னு."

மாடிக்குப் போனான். கரண்டுக்கான ஒரு வரியைத் திருத்தினான். அதே கையோடு கெர்னலின் வாலிலிருந்து அம்மாவை அழித்தான். பொத்தானைப் பார்க்கிறவனும் விரலைப் பார்க்கிறவனும் ஏற்கனவே தயார்தானே என்று கெர்னலை மட்டும் கம்பைல் பண்ணினான். ஒரு தடவை சோதித்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. எல்லார் முன்னாலும் முதல் பக்கம் திரும்ப வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

இப்போது தாங்கியில் ஈ-ரீடரை நிறுத்தினான். பொத்தானைக் கட்டிலின் கால்பக்கத்தில் பேண்டேஜ் துணியால் கட்டி, அம்மாவின் பெருவிரலுக்கு அரை அங்குலத்தில் வைத்தான். திரை விழித்தது. இருநூற்றுப் பன்னிரண்டு. கடைசி வரி பாதியில் நின்றது: 'கதவைத் திறந்ததும் உள்ளே நின்றிருந்தவர்'.

"அழுத்தும்மா."

பெருவிரல் போய்ப் பொத்தானில் விழுந்தது. டக்கென்று சத்தம். பக்கம் அப்படியே நின்றது.

"இன்னொரு வாட்டி."

டக். டக். அந்த விரலுக்கு மிச்சமிருந்த பலத்தையெல்லாம் கூட்டி அவள் அழுத்தினாள். நெற்றியில் வியர்வை அரும்பியது. அக்கா எட்டித் திரையை விரலால் தள்ளிப் பார்த்தாள். அதுவும் அசையவில்லை.

"என்னடா இது, தொட்டாக்கூடத் திரும்பல?"

அவன் அந்த வயர்களை லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தான். கருவி முணுமுணுத்தது அங்கே வரிசையாக விழுந்திருந்தது. இந்த ஆள் 'அம்மா' என்கிற பெரியவனுக்கானவன், இங்கே அப்படி யாரும் இல்லை, உள்ளே விட முடியாது. அடுத்தவனுக்கும் அதே பதில். அந்தச் சொல் இரண்டு தடவை இருந்தது.

"பேர் ஒண்ணு மாறிப்போச்சு. பத்தே நிமிஷம்."

"பழைய கார்டு வச்சிருக்கியா?" என்றாள் அக்கா. "பழையபடி பண்ணிக் குடுடா. பதினெட்டுப் பக்கம்தான. நானே திருப்புறேன். மூச்சு விடாமத் திருப்புறேன்."

கார்டு அவன் சட்டைப்பையில் இருந்தது. இரண்டு நிமிஷ வேலை.

"இல்ல," என்றான். "அழிச்சாச்சு."

நர்ஸம்மா அவன் கையைத் தொட்டாள். "தம்பி, மூச்சு மாறுது. இப்ப மேல போகாதீங்க."

"பத்து நிமிஷம்தாம்மா," என்றான். நர்ஸம்மாவுக்கா அம்மாவுக்கா தெரியாது.

அம்மாவின் உதடு அசைந்தது. அக்கா குனிந்து கேட்டாள். அவனுக்குக் குனியாமலே கேட்டுவிட்டது.

"நாளைக்கா?"

ஈ-ரீடரின் கார்டைப் பிடுங்கி, லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறினான். அழித்த நாலு ஆங்கில எழுத்தையும் பழைய இடத்தில் அடித்தான். ஓடவிட்டான். வரிகள் மேலே மேலே போயின. லேப்டாப்பின் விசிறி இரைந்தது. அவன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஏழு நிமிஷம் ஆகியிருக்கும். கீழே அக்கா "அம்மா" என்றாள். கூப்பிடுகிற மாதிரி முதலில். அப்புறம் வேறு மாதிரி.

இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது.

ஏன் எழுந்து ஓடவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள், கண்ணுகளா. முடியும் வரை உட்கார்ந்திருந்தான். முடிந்ததும் அதைக் கார்டில் எழுதினான். கார்டைக் கழற்றி, காய்ந்திருக்கிறதா என்று பார்க்கிறவன் போல ஊதினான். பிறகுதான் இறங்கினான்.

அக்கா கூடத்தில் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் பக்கத்து வீட்டில் நாற்காலி கேட்கப் போயிருந்தார். நர்ஸம்மா மருந்துப் புட்டிகளை ஒரு பைக்குள் அடுக்கினாள். அவன் கட்டிலைச் சுற்றிப் போய், கார்டைச் செருகி, கருவியை எழுப்பி, தாங்கியில் திரும்ப நிறுத்தினான். கோணலாக இருந்ததை நேராக்கினான்.

"இப்ப எதுக்கு அது?" என்றாள் நர்ஸம்மா.

அவன் பொத்தானின் பேண்டேஜ் கட்டை இறுக்கினான்.

அக்கா உள்ளே வந்தாள். "காலை நீட்டி விடணுமே," என்றாள். நர்ஸம்மா போர்வையை விலக்கி, மடங்கியிருந்த இடது காலை மெதுவாக இழுத்து நேராக்கினாள். குதிகால் சறுக்கியது. பாதம் பொத்தானில் சாய்ந்தது.

டக்.

திரை ஒரு கணம் கறுத்து வெளுத்தது. இருநூற்றுப் பதின்மூன்று.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

"வேலை செய்யுதே," என்றாள் அக்கா.

"ஆமா," என்றான் அவன்.

அக்கா பாதத்தைத் தூக்கிப் பொத்தானை விட்டு நகர்த்தி வைத்தாள். குழந்தையின் காலை எடுத்து வைக்கிற மாதிரி. அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வந்தவர்கள் வந்தார்கள், போனார்கள். மகன் கடைசி வரை அம்மாவுக்காக ஏதோ மெஷின் செய்துகொண்டிருந்தானாம் என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் உருகினாள். மூன்றாம் நாள் அக்கா துணி ஊறப்போட அவன் சட்டையை எடுத்தாள். எப்போதும்போலப் பையைத் துழாவினாள். நகத்தளவு கறுப்பாக ஒன்று விரலில் தட்டுப்பட்டது. ஈரக் கையைப் புடவையில் துடைத்து, அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அலமாரியில் ஈ-ரீடர் நின்றது. சார்ஜ் எப்போதோ தீர்ந்துவிட்டது. அந்தத் திரை அப்படித்தான். உயிர் போனாலும் கடைசியாகக் காட்டிய பக்கத்தை விடாது. இருநூற்றுப் பதின்மூன்றின் அருகில் அக்கா அந்தக் கார்டை வைத்தாள். வந்து, அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். பிறகு துணி துவைக்கப் போனாள்.

அவ்வளவுதான், செல்லங்களா. நேரமாகிறது, எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் யார் யாரைக் கூப்பிட்டாலும், அந்தக் குரலின் சூடு ஆறுவதற்குள் ஒருவர் வந்து பக்கத்தில் நிற்கட்டும். கையில் ஒன்றும் இல்லாமல் வந்தாலும் வரட்டும். உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும்.